பதினேழாம் தேதிக்குப் பதினெட்டு ஊசி

மருந்துக் குப்பியை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து அவள் உருட்டுவாள். குலுக்கக் கூடாது. குலுக்கினால் நுரை வரும், நுரை வந்தால் அளவு தப்பும். பத்துத் தடவை உருட்டினால் அடியில் படிந்த வெள்ளை மேலே ஏறி, குப்பி முழுக்க ஒரே நிறமாகிவிடும். பிறகு பஞ்சால் ரப்பர் மூடியில் ஒரு துடைப்பு. சிரிஞ்சில் இருபத்திரண்டு யூனிட் காற்று இழுத்துக் குப்பிக்குள் தள்ளி, தலைகீழாகப் பிடித்து இருபத்திரண்டு யூனிட் இன்சுலின் எடுப்பாள். நகத்தால் இரண்டு தட்டு. அவள் சிரிஞ்சோடு திரும்புவதற்குள் கணவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி சட்டையைத் தூக்கியிருப்பார். கண் செய்தித்தாளில் இருக்கும். குத்தும்போது பக்கத்தைக்கூடத் திருப்பிக்கொள்வார், முகம் மாறாது. சிரிஞ்சு மூடி போட்ட தகர டப்பாவுக்குள் போகும். கடைசியாக, சுவரில் தொங்கும் நாள்காட்டியில் அன்றைய கட்டத்தில் பென்சிலால் ஓர் எழுத்து எழுதுவாள். வயிற்றின் இடது பக்கம் என்றால் இ, வலது பக்கம் என்றால் வ.

பதினொரு வருடமாகக் காலை ஆறு மணிக்கு இதுதான்.

அவளுக்கு ஐம்பத்தாறு வயது. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. உலர்த்தும் இயந்திரத்திலிருந்து சூடாக வரும் விரிப்புகளை மடித்து இருபது இருபதாகக் கட்டி வார்டுகளுக்கு அனுப்ப வேண்டும். இருபதாவது விரிப்பு விழுந்ததும் கை தானாகக் கட்டுக் கயிற்றுக்குப் போகும். நடுவில் யாராவது "எத்தனை ஆச்சு?" என்று கேட்டால் போயிற்று, அவிழ்த்து முதலிலிருந்து எண்ண வேண்டும். எண்ணிக்கை அவள் கையில் இருந்தது, தலையில் இல்லை. கூட வேலை செய்கிறவர்கள் அவளைக் கிண்டல் செய்ய வேண்டுமென்றால் வேறு ஒன்றும் செய்ய வேண்டாம், அந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்.

கணவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தபோது ஊசி போடக் கற்றுக்கொடுத்தது அதே ஆஸ்பத்திரி நர்ஸ்தான். ஒரு வாரத்தில் பிடிபட்டுவிட்டது. அடுத்த வருடம் தெருவில் நான்கு பேர் அவளிடம் வந்து சேர்ந்தார்கள். கை நடுங்குகிறவர்கள், கண் தெரியாதவர்கள். ஒரு ஓய்வுபெற்ற தபால்காரரும் உண்டு. அவருக்குக் கையும் நன்றாயிருந்தது, கண்ணும் நன்றாயிருந்தது, தைரியம் மட்டும் இல்லை. "உன் கைக்கு வலிக்க வைக்கவே தெரியாதும்மா. உன்னைக் கல்யாணம் பண்ணியும் உன் புருஷன் சந்தோஷமா இருக்கார்னா அதுதான் காரணம்" என்பார். தெரு முழுக்க அவளுக்கு ஊசியக்கா என்று பெயர்.

கணவர் ஒரு சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அவருக்கு அங்கே பாம்பாம் என்று பெயர். திருப்பத்தில் ஹார்ன் அடிக்க வேண்டும் என்பது எல்லா டிரைவர்களுக்கும் விதி, அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. இவர் மட்டும் ஒவ்வொரு தூணருகிலும் இரண்டு தடவை அடிப்பார், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அடித்தாரென்றால் பார்த்துவிட்டார், நின்றுவிடுவார் என்பது லோடுமேன்களுக்கு அத்துப்படி. மற்றவர்கள் வண்டி வந்தால் ஓடி ஒதுங்குகிறவர்கள், பாம்பாம் சத்தத்துக்குத் தலையைக்கூடத் தூக்க மாட்டார்கள்.

அன்று பதினேழாம் தேதி. காலை ஒன்பதே முக்காலுக்கு நடந்ததைக் கிடங்கின் கேமரா முழுதாகப் பிடித்து வைத்திருந்தது. பிற்பாடு அவளும் அதைப் பார்த்தாள். படத்தில் வண்டி ஒழுங்காகத்தான் ஓடுகிறது. பெட்டி அடுக்கிய பலகையை நூல் பிடித்த மாதிரி இறக்கி வைக்கிறார். பின்னால் எடுக்கிறார். ஒன்பதாம் வரிசைத் தூணருகே இரண்டு தடவை ஹார்ன். அங்கே ஒரு லோடுமேன் குத்துக்காலிட்டுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அவன் நகரவில்லை. வண்டி நிற்கவில்லை. அவன்மேல் ஏறிய பிறகும் நிற்காமல் அடுத்த தூணுக்குப் போய், அங்கேயும் இரண்டு தடவை ஹார்ன் அடித்தது.

ஆட்கள் ஓடிவந்து சாவியைப் பிடுங்கியபோதும் அவர் ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டே இருந்தாராம். பேர் என்ன என்று கேட்டால் "ஆமா, ஆமா" என்றாராம். ஆம்புலன்ஸில் விரலில் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை முப்பத்திரண்டு இருந்தது. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே அபாயம். குளுக்கோஸ் ஏறியதும் கண்ணை விழித்து அவர் கேட்ட முதல் கேள்வி, "டீ டைம் ஆயிடுச்சா?"

லோடுமேனுக்கு இடது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. அவனுக்கு இருபத்தொன்பது வயது.

மறுநாள் காலை அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து, கணவருக்கு மாற்றுத் துணி எடுத்து வைத்தாள். சிரிஞ்சுப் பெட்டியையும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்தாள். ஒன்றாம் தேதி பிரித்த பெட்டி, முப்பது சிரிஞ்சு. நாளுக்கு ஒன்று. பதினேழு போனால் பதின்மூன்று இருக்க வேண்டும். பன்னிரண்டு இருந்தது. மேசையில் வரிசையாகப் பரப்பி மறுபடி எண்ணினாள். பிறகு, அதே ஒன்றாம் தேதி காலி செய்து வைத்த தகர டப்பாவைச் செய்தித்தாளில் கவிழ்த்து, போட்ட சிரிஞ்சுகளைக் குச்சியால் ஒதுக்கி ஒதுக்கி எண்ணினாள். பதினெட்டு.

நாள்காட்டியில் பதினேழாம் கட்டத்தில் ஒரே ஓர் இ தான் இருந்தது.

இரண்டாவது ஊசி அவளுக்கு நினைவில்லை. முதலாவதும் நினைவில்லை. பதினாறாம் தேதி ஊசியோ, போன மாதத்து ஊசி ஒன்றோகூட நினைவில்லை. பல் தேய்த்ததை யார் நினைவு வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் பதினேழாம் தேதி காலை வந்த டெலிபோன் நினைவிருந்தது. மகள் பேசினாள். கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள், கைக்குழந்தைக்குக் காய்ச்சல், மருந்து எத்தனை மில்லி கொடுப்பது என்று கேட்டாள். எடை கேட்டு, அளவு சொல்லி, "குடுத்த உடனே ஒரு பேப்பர்ல எழுதி வை. இல்லன்னா மறந்துபோய் ரெண்டாவது தடவ குடுத்துடுவ" என்றும் இவள் சொன்னாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பியிருப்பாள். நாள்காட்டியில் எழுத்து இல்லை. எழுதுவது கடைசி வேலை, அதற்கு முன்னால் மணி அடித்துவிட்டது. எழுத்து இல்லையென்றால் ஊசி போடவில்லை. கை குப்பியை எடுத்து உருட்டியிருக்கும். அவர் சட்டையைத் தூக்கியிருப்பார்.

இவ்வளவும் அவள் யோசித்துக் கண்டுபிடித்தது. கண்ணுக்குள் ஒன்றும் வரவில்லை. அழுகையும் வரவில்லை. சிரிஞ்சுகளைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடினாள். துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

யாரிடமும் சொல்லவில்லை. மறைத்தாள் என்று சொல்ல முடியாது, யாரும் கேட்கவில்லை. சாப்பாடு ருசிக்கவும் இல்லை, கசக்கவும் இல்லை. சலவைக்கூடத்தில் விரிப்பு இருபது இருபதாகக் கட்டுப்பட்டது. காலையில் ஐந்து பேருக்கு ஊசி போட்டாள். ஒரு மாற்றம் மட்டும் வந்தது. போடுவதற்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் "இன்னிக்குப் போட்டாச்சா?" என்று கேட்டாள்.

"என்னம்மா, நான் என்ன உன்னை விட்டுட்டு வேற ஊசிக்காரி வீட்டுக்கா போறேன்?" என்றார் தபால்காரர்.

கணவர்மேல் வழக்குப் போட்டார்கள். கவனமில்லாமல் வண்டி ஓட்டிக் கொடுங்காயம் உண்டாக்கியது. இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீல் ஒரு சின்னப் பெண், எப்போது பார்த்தாலும் ஜலதோஷம். அவளுடைய அறை ஒரு நகலெடுக்கும் கடைக்கு மேலே இருந்தது. கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேசையிலிருந்த கண்ணாடித் தம்ளர் நடுங்கும்.

"சட்டத்துல இதுக்கு ஒரு இடம் இருக்கும்மா" என்றாள் வக்கீல், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "உடம்பு செஞ்சுது, மனசு அங்க இல்ல. தூக்கத்துல பொரளும்போது பக்கத்துல படுத்தவங்க மேல கை விழற மாதிரி. அதுக்குத் தண்டனை கிடையாது."

"ஹார்ன் அடிச்சிருக்காரே."

"அதைத்தான் அரசு வக்கீல் பிடிச்சுக்குவார். ஹார்ன் அடிச்சவனுக்கு ஆள் தெரியாமலா இருக்கும்னு கேப்பார். ஆனா ஆளே இல்லாத தூணுக்கும் அடிச்சிருக்கார் பாருங்க. அதை நாம பிடிச்சுக்கலாம். அது பிரச்சினை இல்ல. சர்க்கரை ஏன் எறங்குச்சுன்னு கேப்பாங்க, அங்கதான் சிக்கல்."

விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வண்டி ஏறினார் என்றால் அது அவர் தப்பு, மனசு இல்லாமல் போனதற்கு அவரே பொறுப்பு. வியாதி தானாக இழுத்துவிட்டது என்றால் சட்டம் அதைப் புத்தி பேதலித்தவர்கள் கணக்கில் சேர்க்கும், விடுதலைக்குப் பதில் ஆஸ்பத்திரிக் காவல் வரலாம். வெளியிலிருந்து வந்த ஒன்று, அவருக்கே தெரியாமல், அவர் தப்பில்லாமல் செய்தது என்றால்தான் வெளியே வர முடியும்.

"நான் சாப்பிட்டேன்" என்றார் கணவர்.

"சாப்பிட்டார். தட்டை நான்தான் கழுவினேன்" என்றாள் அவள்.

"சாப்பிட்டிருந்தா, தெனமும் போடற அளவுக்கு முப்பத்திரண்டு வரைக்கும் எறங்காதுங்கறார் டாக்டர். அப்ப வேற என்ன நடந்துச்சு?"

தம்ளர் நடுங்கியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இவர் வெளியே வரலாம். நான்கு வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளலாம். சலவைக்கூடத்தில் ஒரு பேச்சு வரும். லோடுமேனின் கால் இவர் வண்டியிலிருந்து கிளம்பி, இவள் கையில் வந்து நிற்கும். மகள் போன் செய்த நேரத்தை எண்ணிப் பார்ப்பாள். இவள் பயப்பட்டாள் என்று சொல்வதற்கில்லை. பயமும் மரத்துப்போன கால் மாதிரிதான் கிடந்தது, இருப்பது தெரிந்தது, உணர்ச்சி இல்லை.

அதற்குள் கணவர் சொன்னார்: "வக்கீலம்மா, விடுங்க. நான் ஒத்துக்கறேன். நான்தானே ஓட்டினேன். சாப்பிட்டேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன், சாப்பிடாமக்கூட இருந்திருக்கலாம். எனக்கு அன்னிக்கு எதுவுமே ஞாபகம் இல்ல. அந்தப் பையன் ஒத்தக் காலோட படியேறி வருவான், நான் மனசு அங்க இல்ல இங்க இல்லன்னு நின்னுக்கிட்டு இருக்கணுமா?"

அடுத்த வாய்தா வியாழக்கிழமை. அன்றைக்கு ஒப்புக்கொண்டால் இரண்டு வருடமாவது உள்ளே இருக்க நேரும் என்று வக்கீல் சொன்னாள். இருவரும் வீடு வந்து சேர்ந்தார்கள். செருப்பைக் கழற்றியதும் அவள் சொன்னாள்: "ஒத்துக்க வேணாம். அன்னிக்கு ரெண்டு ஊசி போட்டேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். காலையில் உட்காருகிற அதே நாற்காலி.

"எப்பத் தெரியும்?"

"மறுநாளே."

"அஞ்சு மாசமா சொல்லல."

"சொல்லல."

அவர் கேட்டார்: "ரெண்டாவது தடவ நீ வந்தப்ப, நான் சட்டையத் தூக்கினேனா?"

"தூக்காம நான் எப்படிப் போடறது? சட்டை மேலயா குத்துவேன்?"

அவர் தன் கையைப் பார்த்தார். சட்டையின் அடிப்பகுதியைப் பிடித்துப் பார்த்தார், யாருடைய சட்டையோ என்பது போல. "நாலு நிமிஷத்துக்கு முன்னால குத்தின எடம்" என்றார். "பேப்பர்ல அப்படி என்ன போட்டிருந்தான்னுகூட ஞாபகம் இல்ல." பிறகு தண்ணீர் கேட்டார். கொடுத்தாள்.

மறுநாள் வக்கீலிடம் சொன்னபோது அவளுக்கு ஜலதோஷமே மறந்துபோயிற்று. ஆனால், "நினைவிருக்கா?" என்று கேட்டதற்கு இவள் இல்லை என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டாள். பெட்டியையும் டப்பாவையும் நீங்களே எண்ணினீர்கள், வேறு யாரும் பார்க்கவில்லை, பெண்டாட்டி சொல்கிற கதை என்பார்கள், வேறு ஏதாவது வேண்டும் என்றாள். இவள் யோசித்தாள். அன்று இடது பக்கமே இரண்டும் போயிருக்கும், எழுத்து விழாததால். "ஆஸ்பத்திரியில அவரைக் கொண்டுபோய்ச் சேத்தப்ப உடம்பு பூரா பாத்து எழுதியிருப்பாங்க. எழுதாம விட மாட்டாங்க. அந்தச் சீட்டை வாங்குங்க" என்றாள்.

வாங்கினார்கள். அவசரப் பிரிவின் நர்ஸ் எழுதிய நாலாம் பக்கம், யாரும் புரட்டாத பக்கம். வயிற்றின் இடப்புறம் ஒரு விரல் இடைவெளியில் புதிதாய் இரண்டு ஊசித் தடம் என்று குண்டு குண்டான கையெழுத்தில் இருந்தது.

மகளுக்கு அவளே போன் செய்து சொன்னாள். மகள் கேட்டாள்: "அப்ப என்னாலதான்னு சொல்லப் போறியா கோர்ட்டுல?"

"போன் வந்துச்சுன்னு சொல்லுவேன். வந்துச்சுல்ல? குழந்தைக்கு இப்ப உடம்பு எப்படி இருக்கு?"

கூண்டில் ஏறிய அன்று அவள் வேலைக்கு உடுத்துகிற சேலையைத்தான் உடுத்தியிருந்தாள். நாள்காட்டியை ஒரு பையில் போட்டு முத்திரை வைத்து, மேசைமேல் கிடத்தியிருந்தார்கள். அரசு வக்கீல் நல்ல உயரம், குரலை உயர்த்தாதவர்.

"இரண்டாவது ஊசி போட்டது உங்களுக்கு நினைவிருக்கிறதா?"

"இல்லைங்க."

"நினைவில்லாத ஒன்றைச் சத்தியம் செய்து சொல்கிறீர்கள்."

"போட்டதா நினைவிருக்குன்னு நான் சொல்லலைங்க. சிரிஞ்சு ஒண்ணு கொறையுது, தடம் ரெண்டு இருக்குன்னுதான் சொல்றேன்."

"புருஷனைக் காப்பாற்ற ஐந்து மாதம் கழித்து வந்த யோசனை இது என்று சொல்கிறேன். இவ்வளவு பெரிய காரியம் உங்களுக்கு எப்படி மறந்துபோகும்?"

"மறந்துபோகலைங்க. போடும்போதே நான் அதுல இல்ல." அரசு வக்கீலைப் பார்த்துச் சொன்னாள்: "முதல் ஊசி போட்டது நினைவிருந்தா, ரெண்டாவது போட்டிருக்கவே மாட்டேனே ஐயா."

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு மறுபடி எழுதினார். டாக்டர் வந்து, வருடக்கணக்கில் இன்சுலின் போடுகிற சிலருக்கு வியர்வை, படபடப்பு என்று முன்கூட்டி ஒன்றும் தெரியாமல் போய்விடும் என்றார். சர்க்கரை அவ்வளவு இறங்கினால் பழகிய வேலையைக் கை செய்துகொண்டிருக்கும், ஆள் அங்கே இருக்க மாட்டார் என்றார்.

வெளியே நடைக்கூடத்தில் லோடுமேன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். செயற்கைக் காலைக் கழற்றிப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தான், புதுசு, உரசும்போல. அவள் கடந்துபோகப் பார்த்தாள். அவன் கூப்பிட்டான்.

"அண்ணி. அண்ணன் அடிச்ச ஹார்ன் எனக்குக் கேட்டுச்சு. பாத்துட்டாருன்னு நினைச்சேன்."

"தெரியும்ப்பா."

"அவர் பாக்கல. நீங்களும் பாக்கல. எல்லாரும் உண்மையத்தான் சொல்றீங்க. அப்ப நான் யார் மேல கோவப்படறது?"

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கழற்றி வைத்த காலின் மேல்பட்டை உள்பக்கம் மடிந்திருந்தது. அதை நிமிர்த்திவிட்டாள். "என் மேல கோவப்படு" என்றாள். "எனக்கு ஒண்ணும் ஆகாது. உள்ளுக்குப் பருத்தித் துணியில ஒரு உறை தெச்சுப் போட்டுக்கோ, இப்படி வெறுமனே மாட்டினா புண்ணாயிடும்."

"கோவப்பட்டுப் பாத்தேன் அண்ணி. நிக்க மாட்டேங்குது" என்றான் அவன். எதிர்ச் சுவரைப் பார்த்தபடி சொன்னான்.

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. குற்றவாளி இல்லை. கணவர் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் நின்றார். ஃபோர்க்லிஃப்ட் இனி அவருக்குக் கிடையாது, கிடங்கில் ரசீது சரிபார்க்கிற மேசைக்கு மாற்றியிருந்தார்கள். அவள்மேல் வழக்கு எதுவும் போடப்போவதில்லை என்று வக்கீல் சொன்னாள், தும்மலுக்கு நடுவில். அவள் சரி என்றாள். தெருவில் அவளிடம் ஊசி போட்டுக்கொண்ட நால்வரில் இரண்டு பேர் அதற்கு முன்பே தங்கள் மருமகளிடமும் பக்கத்துக் கம்பவுண்டரிடமும் ஊசிக்கு ஏற்பாடு செய்துகொண்டுவிட்டார்கள். அவளிடம் முகத்துக்கு நேரே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கதவுதான் ஆறரை மணிக்குத் திறக்கவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் அறைக்குள் வந்தபோது கணவர் ஏற்கெனவே மேசையில் உட்கார்ந்திருந்தார். குப்பி அவர் கையில் இருந்தது. உருட்டிக்கொண்டிருந்தார், இயந்திரத்தில் நட்டு முறுக்குகிற மாதிரி.

"மெதுவா" என்றாள்.

மெதுவாக்கினார். துடைத்தார். காற்று இழுத்தார், தள்ளினார். மருந்து எடுத்தார். சிரிஞ்சை வெளிச்சத்துக்கு நேரே நீட்டி அவளிடம் காட்டினார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இருபத்தி நாலு இருக்கு. ரெண்டைத் தள்ளுங்க."

தள்ளினார். சட்டையைத் தானே தூக்கிக் குத்திக்கொண்டார். இந்தத் தடவை முகம் சுளித்தது. "வலிக்குது" என்றார், ஏதோ புது விஷயம் போல.

"பாத்துக்கிட்டே போட்டா வலிக்கத்தான் செய்யும்."

நாள்காட்டி கோர்ட்டில் இருந்தது. அது தொங்கிய இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக, ஒரு நீள்சதுரமாக இருந்தது. அது போனதிலிருந்து அவள் அந்தச் சுவரிலேயே எழுதி வந்திருந்தாள். அன்றும் கை பென்சிலுக்குப் போயிற்று. பாதியில் நிறுத்தி, பென்சிலை அவரிடம் கொடுத்தாள். அவர் எழுந்து போய், வ என்று எழுதினார். பெரிய எழுத்து.

அவள் தன் பையை எடுத்துக்கொண்டு தபால்காரர் வீட்டுக்குப் போனாள். கதவு திறந்திருந்தது. அவர் சட்டையைத் தூக்கிக்கொண்டு கண்ணை இறுக்க மூடியிருந்தார்.

"இன்னிக்குப் போட்டாச்சா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

அவள் குப்பியை எடுத்து உருட்ட ஆரம்பித்தாள். வாய்விட்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று.